அணை நீர்மட்டத் தகவலுக்குச் செய்தியோடை பயன்படுமா?

கேள்வி (அம்பாசமுத்திரம்):
பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டத்தையும் கால்வாய்களில் தண்ணீர் திறக்கும் நாள்களையும் எங்கள் வேர்டுபிரஸ் தளத்தில் வெளியிட்டு வருகிறோம். பிசானப் பருவ நெல் நடவுக்குக் காத்திருக்கும் விவசாயிகள், தளத்தை நாள்தோறும் திறந்து பார்க்காமலே புதிய தகவலை அறிய வழி உண்டா, ஐயா?

மறுமொழி (பாளையங்கோட்டை):
உண்டு, அது உங்கள் தளத்திலேயே இருக்கிறது. வேர்டுபிரஸ் ஆர்.எஸ்.எஸ். 2.0 என்ற வடிவில் செய்தியோடையை, அதாவது புதிய பதிவுகளைச் செயலிகள் தாமே எடுத்துக் காட்ட உதவும் பட்டியலை, தானாகவே உருவாக்கிவிடும். 2013-இல் கூகுள் ரீடர் என்ற ஓடை படிக்கும் சேவை மூடப்பட்டதோடு இம்முறையும் முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணினாலும், ஃபீட்லி, தண்டர்பேர்ட் போன்ற செயலிகளில் இன்றும் படிக்கலாம். வாசகரின் மின்னஞ்சலையோ தொலைபேசி எண்ணையோ நீங்கள் கேட்க வேண்டியதில்லை என்பதையே இதன் பெருஞ்சிறப்பாகக் கருதுகிறேன்.

மறுமொழி (சேரன்மகாதேவி):
ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஓடையில் ஒவ்வொரு பதிவுக்கும் நிலையான தனி அடையாளம் உண்டு. அதைக் கொண்டே செயலி பழையதையும் புதியதையும் பிரித்தறிகிறது. ஆகவே ஒரே பதிவில் எண்ணை மட்டும் மாற்றி வந்தால், அது பெரும்பாலும் புதிய செய்தியாகத் தோன்றாது. நாள்தோறும் தனிப் பதிவு இடுங்கள். தலைப்பிலேயே தேதியையும் அடிக்கணக்கையும் எழுதினால், வரப்பில் நிற்பவர் பதிவைத் திறக்காமலே அறிந்துகொள்வார்.

கேட்டவர்:
மிக்க நன்றி. பழைய பதிவுகள் எத்தனை ஓடையில் நிற்கும்?

மறுமொழி (பாளையங்கோட்டை):
அமைப்பில் மாற்றாவிட்டால் கடைசி 10 மட்டுமே.