அப்பாவின் அறுபதாம் கல்யாண விசிடி 22ஆவது நிமிடத்தில் நின்றுவிடுகிறது, கீறலை வீட்டிலேயே சரிசெய்யலாமா?

கொள்ளிடம்_செல்வி:
எல்லோருக்கும் வணக்கம். 2003இல் திருக்கடையூரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் செய்தோம். வீடியோ எடுத்தவர் இரண்டு விசிடியாகப் போட்டுக் கொடுத்தார். அப்பா தவறி மூன்று வருடம் ஆகிறது. அவர் குரல் பதிவாகி இருப்பது இந்த இரண்டு சிடியில் மட்டும்தான்.

முதல் சிடி 22 நிமிடம் வரை நன்றாக ஓடுகிறது. அப்புறம் படம் கட்டம் கட்டமாகச் சிதறி, சத்தம் விக்கி, அப்படியே நிற்கிறது. அடிப்பக்கம் முழுக்கக் கீறல். இரண்டாவது சிடி கடைசிச் சில நிமிடங்களில் மட்டும் தகராறு செய்கிறது. அதன் அடிப்பக்கம் சுத்தமாக இருக்கிறது, ஆனால் மேலே பெயர் எழுதிய பக்கத்தில் ஒரு சுரண்டல். விளக்கைப் பார்த்துப் பிடித்தால் அந்த இடத்தில் வெளிச்சம் ஊடுருவித் தெரிகிறது. கம்ப்யூட்டரில் காப்பி செய்தால் பாதியில் பிழை காட்டி நின்றுவிடுகிறது. வீடியோ எடுத்தவரிடம் மூலப் பிரதி இல்லை.

பேஸ்ட் போட்டுத் தேய்க்கச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது. தேய்க்கலாமா?

மலைக்கோட்டை_ரவி:
தாராளமாகத் தேய்க்கலாம். வாடகை சிடி எடுத்துப் படம் பார்த்த காலத்தில் எங்கள் வீட்டில் பேஸ்ட்தான் மருந்து. பத்தில் ஆறேழு பிழைத்துவிடும்.

பழைய_சிடிக்கடை:
ரவி தம்பி சொல்வது வாடகை சிடிக்குச் சரி. போனால் வேறு சிடி வாங்கிக்கொள்ளலாம். இது போனால் போனதுதான். அதனால் சகோதரி, பேஸ்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பதினோரு வருடம் சிடி கடை வைத்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பில் இருந்த தடித்த டிரைவ் எங்காவது கிடைத்தால் நல்லது. ஒரு டிரைவ் திணறும் சிடியை இன்னொன்று சாதாரணமாகப் படிப்பதைக் கடையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கழுவுவது. முதல் சிடியை மட்டும் கழுவுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. விரல் நுனியால் நடுத் துளையிலிருந்து வெளி விளிம்பை நோக்கி நேராகத் தடவுங்கள். வட்டமாகச் சுற்றித் தேய்க்கவே கூடாது. அதற்குக் காரணம் இருக்கிறது. சிடியில் பதிவு உள்ளிருந்து வெளியே ஒரே சுருளாக ஓடுகிறது. அந்தச் சுருளில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளம் அழிந்தாலும் மீட்டுக்கொள்ளும் அளவுக்குத் தகவலைப் பிரித்துப் பிரித்து எழுதியிருப்பார்கள். நேராக வெளியே போகும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் துளி இடத்தைத்தான் கெடுக்கும், அதை டிரைவ் சமாளித்துவிடும். வட்டமாக விழுந்த கீறல் ஒரே சுற்றோடு கூடவே ஓடும், அங்கேதான் மாட்டும். நீங்களே வட்டமாகத் தேய்த்து அப்படி ஒரு கீறலை உண்டாக்கிவிடக் கூடாது. கழுவியதும் பழைய மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். சேலைத் தலைப்பு வேண்டாம், ஜரிகை கீறும். தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு நீக்கும் திரவம் எதுவும் கிட்டே வரக்கூடாது. அந்த பிளாஸ்டிக் பாலிகார்பனேட், பட்ட இடம் வெளுத்துப் போகும்.

இன்னொன்று, எல்லாக் கீறலும் குற்றவாளி இல்லை. லேசர் ஒளி அடிப்பக்கத்தில் நுழையும்போது முக்கால் மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கும். 1.2 மி.மீ. தடிமனைக் கடந்து மேலே போய்த்தான் ஒரு புள்ளியாகக் குவிகிறது. முடி போன்ற கீறல்களை அது கண்டுகொள்ளாது. உங்களை நிறுத்துவது ஏதோ ஓர் இடம்தான். அதைக் கண்டுபிடிக்கலாம். ஸ்கேலை நடுத் துளையின் மையத்தில் வைத்து 37, 38 மி.மீ. தூரத்தில் பாருங்கள். 74 அல்லது 80 நிமிட சிடியில் 22ஆவது நிமிடம் சுமாராக அங்கேதான் வரும். அந்த வளையத்தில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்.

லினக்ஸ்_மணி:
கழுவியதும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளை வைத்து முழு சிடியையும் இமேஜாக, அதாவது ஒரே கோப்பாக நகலெடுங்கள். நல்ல பகுதியை முதலில் எடுத்துவிட்டுக் கெட்ட இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும். இலவசம்.

பழைய_சிடிக்கடை:
மணி, டேட்டா சிடிக்கும் டிவிடிக்கும் அதைவிட நல்ல கருவி இல்லை. விசிடிக்கு ஒத்துவராது. சாதாரண டேட்டா சிடியில் ஒரு செக்டருக்கு, அதாவது டிரைவ் படிக்கும் ஒரு துண்டுக்கு, 2048 பைட். விசிடியின் படப் பகுதியில் 2324 பைட், கூடுதல் பிழைதிருத்த இடத்தையும் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். டிடிரெஸ்க்யூ 2048 கணக்கில் கேட்கும், நல்ல இடத்திலும் பிழை வரும். விண்டோஸில் ஐசோபஸ்டர் என்ற மென்பொருளைப் போடுங்கள். படத் தடத்தின் மேல் ரைட் கிளிக் செய்தால் எம்பெக் வீடியோவை மட்டும் பிரித்து எடுக்கும் வழி இருக்கும். படிக்க முடியாத செக்டர் வந்தால் விட்டுவிட்டு மேலே போகச் சொல்லலாம். எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போட்டால் ஒரு பிழைக்கே மொத்தக் காப்பியும் நின்றுவிடும், அதுதான் உங்களுக்கு நடந்தது.

லினக்ஸ்_மணி:
இது எனக்குத் தெரியாது. நன்றி அண்ணா.

கொள்ளிடம்_செல்வி:
அண்ணா, நீங்கள் சொன்ன இடத்தில் அளந்து பார்த்தேன். கை நடுங்கியது. 38 மி.மீ. பக்கத்தில் நகக்கண் நீளத்துக்கு வளைந்த கீறல் ஒன்று, சிடியின் வட்டத்தோடு வட்டமாகவே போகிறது. அதன் மேலேயே காய்ந்த பிசுக்கு. சந்தனமோ எண்ணெயோ தெரியவில்லை. கழுவியதும் பிசுக்குப் போய்விட்டது, கீறல் இருக்கிறது.

அக்கா மகனின் பழைய டெஸ்க்டாப்பில் போட்டு ஐசோபஸ்டரில் எடுத்தோம். 22 நிமிடம் தாண்டிவிட்டது! ஆனால் 22:40க்கு அப்புறம் சுமார் ஒன்பது வினாடி பச்சைக் கட்டமாக இருக்கிறது, சத்தமும் இல்லை. அதற்குப் பிறகு கடைசி வரை நன்றாக ஓடுகிறது. அந்த ஒன்பது வினாடிதான் எனக்கு வேண்டும். அப்பா கேமராவைப் பார்த்து ஏதோ சொல்வார்.

பழைய_சிடிக்கடை:
நல்லது. இப்போது எடுத்த கோப்பை முதலில் இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். அது ஆன பிறகு தேய்க்கலாம்.

வெள்ளை பேஸ்ட், ஜெல் கூடாது. உப்பு, கரி என்று சொல்லி விற்பதும் வேண்டாம், மணி மணியாக இருக்கும். பட்டாணி அளவு எடுத்து, ஈரமான பஞ்சில், அந்தக் கீறல் இருக்கும் இரண்டு விரற்கடை இடத்தில் மட்டும், உள்ளிருந்து வெளியே நேர்கோட்டில் தேய்க்க வேண்டும். மேஜையில் மடித்த துண்டு போட்டு அதன் மேல் சிடியை வையுங்கள். வெறும் மேஜையில் வைத்தால் மேல்பக்கம் உரசும். இருபது முப்பது இழுப்புக்கு ஒரு முறை கழுவிப் பாருங்கள். கீறலின் ஓரம் நகத்தில் தட்டுப்படாமல் மழுங்கினால் போதும், மறையத் தேவையில்லை. செங்குத்தான ஓரம்தான் ஒளியைச் சிதறடிக்கிறது. தேய்த்த இடம் முதலில் புகை படிந்த மாதிரித் தெரியும், பயப்படாதீர்கள். பித்தளைக்குப் போடும் பிராசோ இருந்தால் அதைத் துளி எடுத்து அதே மாதிரி மெருகேற்றுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், நெடி அடிக்கும்.

இரண்டாவது சிடியைத் தொடாதீர்கள். சிடியில் பதிவு இருப்பது அடியில் இல்லை, எழுதும் பக்கத்து அரக்குப் பூச்சுக்கு நேர் கீழே. வெளிச்சம் தெரிகிறது என்றால் பளபளப்புப் படலமே அங்கே உரிந்துவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர வழி கிடையாது. ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் சுருளின் அறுநூறு சுற்றுக்கு மேல் அடங்கும், அதனால்தான் பொட்டு அளவு சுரண்டல் சில நிமிடங்களைக் கலைக்கிறது. தண்ணீர் பட்டால் ஓரம் இன்னும் உரியும். செலோடேப் ஒட்டினால் பிரிக்கும்போது மொத்தமும் வரும். இருப்பதை ஐசோபஸ்டரில் எடுத்துவிடுங்கள்.

மாடிவீட்டு_ஜெயா:
என்னிடம் ப்ளூரே டிஸ்க் ஒன்று கீறலாகி இருக்கிறது, அதற்கும் இதே முறையா அண்ணா?

பழைய_சிடிக்கடை:
வேண்டாம்மா. ப்ளூரேயில் பதிவின் மேல் இருப்பது 0.1 மி.மீ. உறைதான், அதன் மேல் கடினப் பூச்சு. தேய்த்தால் பூச்சுப் போய் நிலைமை மோசமாகும். கழுவுவதோடு நிறுத்துங்கள். டிவிடியில் பதிவு இரண்டு தகடுகளுக்கு நடுவே இருக்கிறது, அடிப்பக்கக் கீறலுக்கு இந்த முறை சரிப்படும்.

கொள்ளிடம்_செல்வி:
மூன்று முறை தேய்த்துக் கழுவினேன். இரண்டாவது முறை எதுவும் மாறவில்லை, ரொம்ப அழுத்தித் தேய்த்துவிட்டேனோ என்று இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. இன்று காலை மூன்றாவது முறைக்குப் பிறகு வேகத்தைக் குறைத்து ஓடவிட்டோம். ஒன்பது வினாடி இரண்டு வினாடியாகக் குறைந்துவிட்டது. படம் ஒரு ஓரத்தில் மட்டும் கட்டம் கட்டமாக இருக்கிறது, சத்தம் முழுக்க வந்துவிட்டது.

இரண்டாவது சிடியில் கடைசி மூன்று நிமிடம் அரைகுறையாகத்தான் கிடைத்தது. பந்தியும் வழியனுப்பும் பகுதியும்தான், பரவாயில்லை.

கழுத்தில் மாலையோடு அப்பா நெற்றி வியர்வையைத் துண்டால் ஒற்றிக்கொண்டே கேமரா பிடித்த பையனைப் பார்த்து, "தம்பி, காலையிலேர்ந்து நிக்கிறியே, நீ சாப்டியா?" என்று கேட்கிறார். அம்மாவைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டிவிட்டேன். நான்கு முறை கேட்டார்கள்.