கோமாளி மீன் குஞ்சுகள் மூன்றாம் நாளைத் தாண்டுவதில்லை

கொக்குவிலான்:
வணக்கம். எங்கள் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியிலுள்ள ஒசெல்லாரிஸ் கோமாளி மீன் சோடி, கடற்சாமந்திக்கு அருகிலிருக்கும் கல்லில் ஒழுங்காக முட்டையிடுகிறது. ஆண் மீன் செட்டையால் விசிறியும் பழுதான முட்டைகளை வாயால் அகற்றியும் பேணுகிறது. எட்டாம் நாளளவில் முட்டைக்குள் வெள்ளிக் கண்கள் மின்னத் தொடங்கி, விளக்கணைத்த பின் குஞ்சுகள் வெளிவருகின்றன. வலையால் அள்ளி வேறு தொட்டிக்கு மாற்றி, அன்றே பொரித்த ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் இறால் குஞ்சுகளைக் கொடுத்தும் ஒன்றேனும் தப்புவதில்லை. யாழ்ப்பாணக் களப்பில், குருநகர்க் கரையில் எடுத்த நீரே தொட்டியில் உள்ளது. ஆவியாவதைக் கிணற்றுத் தண்ணீரால் நிரப்புகிறேன். குறை உணவிலா, நீரிலா?

பருத்தித்துறையான்:
உணவில்தான். அன்று பொரித்த ஆர்ட்டீமியாவும் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் இருக்கும். மூன்று, நான்கு மில்லிமீற்றர் நீளமேயான குஞ்சின் வாய்க்கு அது பெரிது. முட்டையிலிருந்து கொண்டுவந்த கருவூண் தீர்ந்ததும், கண்முன்னே இரை நீந்த, அவை பட்டினியால் இறக்கின்றன. முதல் வாரத்துக்கு அதைவிட மிகச் சிறிய நுண்ணுயிரான றொட்டிபர் வேண்டும். அதை நனோகுளோரொப்சிஸ் பாசி கொடுத்து, முட்டை இடுவதற்கு முன்பே வளர்த்து வைத்திருக்க வேண்டும். முட்டையைக் கண்ட பின் தேடினால் காலம் போதாது. குஞ்சுத் தொட்டியில் மில்லிலீற்றருக்குப் பத்தளவில் றொட்டிபர் குறையாதிருந்தால், ஒரு வாரமளவில் ஆர்ட்டீமியாவைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். வெள்ளைப் பட்டை தெரியத் தொடங்கினால் பாதிக் கவலை தீர்ந்தது.

நாவாந்துறை வாசகர்:
சோடி நலமாக முட்டையிடுவதால் நீரை முதற்காரணமாகச் சொல்ல மாட்டேன். ஆயினும் களப்பு நீரின் உவர்ப்பு மாரியில் தாழும், கோடையில் கடலையும் மிஞ்சும்; தன்னடர்த்தியை 1.025 அளவில் பேணுவதற்கு திறந்த கடல் நீரோ செயற்கை உப்போ மேல். நமது கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் தோண்டப்பட்டவை; தோட்டங்களுக்கு இடும் உரத்தால் பல இடங்களில் நைத்திரேற்றும் மிகுதி. ஆர்ஓ வடிகட்டியில் சுத்திகரித்த நீரையே ஊற்றுங்கள்.

பருத்தித்துறையான்:
வலையையும் விடுங்கள், குஞ்சு அதில் பட்டாலே நசியும். பொரிக்கும் நாளின் மாலையில் முட்டையுள்ள கல்லைத் தாய்த்தொட்டி நீரோடு மாற்றி, தந்தையின் விசிறலுக்கு ஈடாக அருகில் மெல்லிய காற்றுக்குமிழி விடுங்கள். மின்வெட்டுக்குப் பற்றரியில் இயங்கும் காற்றுப் பம்பி ஒன்றும் இருக்கட்டும்.

கொக்குவிலான்:
மிக்க நன்றி, அண்ணா. அந்தக் கல் பவளத்தோடு ஒட்டியிருப்பதால் எடுக்க இயலாதே?

பருத்தித்துறையான்:
அப்படியானால் இம்முறை விளக்கணைத்த பின் ஒரு மூலையில் ரோச் லைற்றைப் பிடியுங்கள். வெளிச்சத்துக்குக் கூடும் குஞ்சுகளைக் குவளையால் நீரோடு முகந்துகொள்ளலாம். அடுத்த முறைக்கு, மெருகிடாத மண்சட்டித் துண்டொன்றைக் கழுவி அந்தக் கல்லின்மேல் சாய்த்து வையுங்கள், தம்பி. பெரும்பாலும் அதிலேயே இடும்.