ஏழே செமஸ்டரில் பட்டம்: யாருக்கு லாபம்?

கெளுகோர்க்காரன்:
பக்கத்துத் திரியில் செந்தூல் சிங்கம் அருள்வாக்கு சொல்லியிருக்கிறார்: "எஞ்சினியரிங்கை எட்டுக்குப் பதில் ஏழு செமஸ்டரில் முடி, அமெரிக்காவில் பிஎச்டி இடம் உறுதி." இதை நம்பிப் பிள்ளைகள் கெடப் போகிறார்கள். இங்கே மலேசியாவில் அக்டோபரில் தொடங்கும் ஏழாவது செமஸ்டருக்கு மார்க் வர பிப்ரவரி ஆகிவிடும். அமெரிக்காவில் பெரும்பாலும் டிசம்பரில் விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள். ஏழில் முடித்தாலும் எட்டில் முடித்தாலும் டிசம்பர் டிரான்ஸ்கிரிப்டில் ஆறு செமஸ்டர்தான். என்ன லாபம் லா?

செந்தூல் சிங்கம்:
ஆறுதான், யார் இல்லையென்றது? அந்த ஆறுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கண்ணே. பட்டத்துக்கு வேண்டிய 135 கிரெடிட்டை எட்டால் வகுத்தால் செமஸ்டருக்கு 17, ஏழால் வகுத்தால் 19க்கு மேல். டிசம்பரில் ஒருத்தன் 102இல் நிற்பான், மற்றவன் 115. அதைவிட எஃப்ஒய்பி, அதாவது கடைசி வருஷ புராஜெக்ட். முதல் பாதியை ஆறாவதிலேயே முடித்தவனைப் பற்றி சூப்பர்வைசருக்குப் பரிந்துரைக் கடிதத்தில் எழுத விஷயம் இருக்கும். அக்டோபரில்தான் வந்து சேர்ந்தவனைப் பற்றி என்ன எழுதுவார்? "நல்ல பையன், நேரத்துக்கு வருவான்" என்றா?

கெளுகோர்க்காரன்:
சுற்றி வளைக்காதீர். டிசம்பரில் ஆறு செமஸ்டர்தான். எஃப்ஒய்பியை ஆறாவதுக்கு இழுக்க வேண்டுமென்றால் அதற்கு முந்தைய பாடங்கள் முடிந்திருக்க வேண்டும். அதில் பல, வருஷத்துக்கு ஒரு தடவைதான் திறக்கும். ஒன்று கை நழுவினால் அடுத்த வருஷம்தான், ஏழு தானாகவே எட்டாகிவிடும். விடுமுறையில் வரும் குறும்பருவத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்றால் அதே நேரத்தில் இண்டஸ்ட்ரியல் டிரெய்னிங் வந்து மோதும். 19 கிரெடிட்டில் இரண்டு லேப் இருந்தால் ரிப்போர்ட் எழுதியே விடியும். பாயிண்டர், அதாவது நாலுக்கான மொத்த சராசரி, 3.8இலிருந்து 3.5க்கு இறங்கிய பிறகு, "சீக்கிரம் முடித்தானே" என்று எந்தக் கமிட்டியும் மாலை போடாது.

பிரிக்பீல்ட்ஸ் கலா:
இரண்டு பேரும் டிசம்பரை விட்டு வெளியே வாங்க. பிப்ரவரியில் முடித்தால் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் சும்மா கிடக்குமே? அதில் ஒரு லேபில் ஆர்ஏ (ஆராய்ச்சி உதவியாளர்) வேலை பார்க்கலாம். அதற்கும் பேசி வைக்க வேண்டிய நேரம் நவம்பர், மார்ச் இல்லை. இன்னொன்று, பட்டமளிப்பு விழா எப்போதோ வரும். அதுவரை, பட்டம் முடித்தாயிற்று என்று பல்கலைக்கழகம் தரும் செனட் கடிதத்தை நீங்களேதான் கேட்டு வாங்க வேண்டும். அமெரிக்காவில் பதியும்போது பட்டம் முடித்த அத்தாட்சி கேட்பார்கள்.

ஜெலுத்தோங் மாமா:
முடித்த ஆறாவது மாதம் பிடிபிடிஎன், அதாவது அரசாங்கக் கல்விக் கடன், கழுத்தைப் பிடிக்கும். அதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கக் காணோம்.

பிரிக்பீல்ட்ஸ் கலா:
12 மாதம், மாமா. ஆறு என்பது பழைய கணக்கு. மேற்படிப்புக்குப் போனால் தள்ளிவைக்கலாம், ஆனால் விண்ணப்பிக்க வேண்டும், தானாக நடக்காது.

ஜெலுத்தோங் மாமா:
கோலாலம்பூர்க்காரர்களுக்குத் தெரியாததா! பினாங்கில் நாங்கள் எல்லாம் புளியங்கொட்டை வைத்துத்தான் எண்ணுகிறோம்.

செந்தூல் சிங்கம்:
மாமா, கோபத்தைக் கெளுகோர்க்காரரிடம் காட்டுங்கள். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுத் திரியில் "மார்க் ஐந்து வருஷம் செல்லும்" என்று சத்தியம் செய்தவர் அவர்தான். ஐந்து வருஷம் ஜிஆர்இ என்ற மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்கு. ஐஇஎல்டிஎஸ்சுக்கு இரண்டே. இந்த லட்சணத்தில் எனக்குக் கணக்குப் பாடம்!

கெளுகோர்க்காரன்:
அது டைப்பிங் தவறு, அங்கேயே திருத்தியாயிற்று.

செந்தூல் சிங்கம்:
திருத்தினது நான். நீங்கள் அழித்தீர்கள்.

கெளுகோர்க்காரன்:
பழைய குப்பையைக் கிளறுகிறவரிடம் பதில் இல்லை என்று அர்த்தம். கேள்வி ஒன்றே ஒன்று. டிசம்பரில் எத்தனை செமஸ்டர் மார்க் இருக்கும்? ஆறா, ஏழா?

செந்தூல் சிங்கம்:
115ஆ, 102ஆ?

கெளுகோர்க்காரன்:
ஆறா, ஏழா?

ஜெலுத்தோங் மாமா:
12 மாதம் என்று எங்கே போட்டிருக்கிறது? லிங்க் கொடு கலா.