செருப்பை எடுத்து வைக்கச் சொல்லும் எபிசோட்

கோட்டாறு கேபிள்

போன வாரம் ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் கொட்டியது. லீவு விட்டதால் கல்லூரிக்குப் போகும் மகள் வீட்டில்தான் இருந்தாள். செல்போனை நோண்டி நோண்டி அவளுக்கே அலுத்துவிட்டது போல. "அப்பா, நீங்க அந்தக் காலத்துல பார்த்த ஸ்பேஸ் சீரியல்ல ஒண்ணு போடுங்க, சிரிச்சி நாளாச்சு" என்றாள். அட்டைப்பெட்டியில் செய்தது போன்ற கப்பலைக் கேலி செய்யத்தான் அந்த ஆசை. சிரிக்கட்டும் என்று 'ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷ'னில் ஐந்தாவது சீசனை எடுத்து 'தி இன்னர் லைட்' போட்டேன். எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஆனால் அம்மா போன பிறகு பார்ப்பது இதுதான் முதல் தடவை.

பார்க்காதவர்களுக்காகக் கதை. 1992 ஜூனில் வந்த எபிசோட். ஆளில்லாத ஒரு சிறு விண்கலத்திலிருந்து வரும் கதிர் பட்டு, கேப்டன் பிக்கார்ட் தன் கப்பலிலேயே மயங்கி விழுவார். கண் விழித்தால் கட்டான் என்கிற கிரகத்தில், ரெசிக் என்ற சின்ன ஊரில், யாரோ ஒருவரின் வீட்டில் இருப்பார். அங்கே அவருக்குக் காமின் என்று பெயர், இரும்பு வேலை தொழில், எலீன் என்று ஒரு மனைவி. காய்ச்சலில் பிதற்றுகிறீர்கள் என்பாள் அவள். வருடக்கணக்கில் திரும்பிப் போக வழி தேடுவார், கிடைக்காது. அப்புறம் ஒரு நாள், குழந்தைக்கு ஓர் அறை கட்டலாமா என்று அவளிடம் கேட்பார். அந்த இடத்தில் மனிதர் தேடுவதை விட்டுவிட்டார் என்று நமக்குப் புரியும். பெண், பையன், பேரன், ஒரு புல்லாங்குழல் என்று வாழ்க்கை போகும். கிரகம் மட்டும் வருடத்துக்கு வருடம் காய்ந்துகொண்டே வரும். கப்பலில் கழிந்தது 25 நிமிடம்தான். அங்கே ஒரு ஆயுள். வில்லன் கிடையாது, துப்பாக்கி கிடையாது.

நான் முதலில் பார்த்தது 1996-ல். கோட்டாறில் வாடகை வீடு, 22 வயது, படிப்பு முடித்துச் சும்மா இருந்த காலம். எங்கள் கேபிள்காரர் முன்னறிவிப்பே இல்லாமல் இங்கிலீஷ் சேனலைத் தூக்கிவிட்டு மலையாளச் சேனல் வைப்பார். போய்க் கேட்டால், "அத ஒன்னைத் தவிர யாரு பாக்கா தம்பி?" என்பார். நியாயமான கேள்விதான். அன்றைக்குச் சேனல் இருந்தது, கரண்ட் போய்விட்டது. அதுவும் எப்போது? கிழவர் காமின் பேரனோடு வெயிலில் உட்கார்ந்திருக்கிறார், ஏதோ ஒன்றை வானத்தில் ஏவப் போகிறார்கள் என்று ஊரே கூடுகிறது, அந்த நேரத்தில். கரண்ட் வந்தபோது விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. முடிவு என்னவென்று தெரியாமலே பத்துப் பன்னிரண்டு வருடம் போயிற்று. வேலைக்குச் சேர்ந்து பெங்களூரில் ஒரு டிவிடி செட் வாங்கி, கடைசி ஐந்து நிமிடத்தை முதல் தடவையாகப் பார்த்தேன்.

அந்த ஊர் அழிந்து ஆயிரம் வருடம் ஆகிவிட்டது. அழியப் போகிறோம் என்று தெரிந்ததும் அவர்கள் செய்தது அந்த ஒரு விண்கலத்தை அனுப்பியதுதான். என்றைக்கோ எவனோ ஒருவனைச் சந்தித்து, நாங்கள் இப்படி இருந்தோம் என்று அவனுக்குக் காட்ட. உள்ளே திறந்து பார்த்தால் ஒரு பெட்டி, பெட்டிக்குள் அந்தப் புல்லாங்குழல். பிக்கார்ட் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடிப்பார். அப்புறம் ஜன்னல் பக்கம் நின்று, ஒரு ஆயுள் பூராவும் பழகிய விரல்களோடு வாசிப்பார். பெங்களூர் ரூமில் கூட இருந்தவன் லைட்டைப் போட்டு, "என்னடா, அழறியா?" என்றான்.

ஆக, இது எனக்குப் புல்லாங்குழல் எபிசோட். யாரிடம் சொன்னாலும் அதைத்தான் சொல்வேன்.

போன வாரம் புல்லாங்குழல் வரைக்கும் நான் போகவே இல்லை. அதற்கு முன்னால் எலீன் சாகிற காட்சி ஒன்று உண்டு. வயதாகிப் படுத்துக் கிடக்கிறாள். கணவன் பக்கத்தில். மறக்காமல் செருப்பை எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். அவ்வளவுதான் வசனம். இத்தனை தடவை பார்த்தும் இந்த வரி எனக்கு ஞாபகமே இல்லை. சத்தியமாக இல்லை.

எங்கள் அம்மா இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். மூன்று நாள் ஐசியு, பார்க்க விடுவது காலையில் பத்து நிமிடம், சாயங்காலம் பத்து நிமிடம். கடைசி நாள் சாயங்காலம் போனபோது கண் திறந்து பார்த்தாள். மாஸ்க்கை நகர்த்தச் சொல்லிக் கை காட்டினாள். நர்ஸம்மா நகர்த்தினார்கள். ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறாள் என்று குனிந்தேன்.

"மோட்டார நிறுத்தினியா மக்களே?"

"நிறுத்தியாச்சும்மா" என்றேன். நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்த அவசரத்தில் போட்டது போட்டபடி ஓடி வந்திருந்தேன். டேங்க் நிரம்பி, மொட்டை மாடி வழிந்து, படி வழியாக முற்றத்துக்கு இறங்கி, பக்கத்து வீட்டு மயினிதான் பின்பக்கச் சாவி எடுத்து உள்ளே போய் நிறுத்தியிருக்கிறாள். மறுநாள் அம்மாவைக் கொண்டுவந்து கிடத்தியபோதும் முற்றத்துச் சிமெண்ட் ஈரம் காயவில்லை. வந்தவர்கள் எல்லாம், பரவாயில்லையே, அதற்குள் கழுவிவிட்டிருக்கிறார்களே என்று நினைத்திருப்பார்கள்.

எலீன் செருப்பைச் சொன்னதும் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். கருப்பட்டிக் காப்பி போடுகிறேன் என்று சத்தம் கொடுத்தேன். மகள் டிவியை நிறுத்திவைத்துவிட்டுக் காத்திருந்தாள். சிரிக்கவில்லை.

உங்களுக்கும் இப்படி உண்டா? பத்துத் தடவை பார்த்த எபிசோடில், பதினோராவது தடவை வேறு ஏதோ ஒரு மூலையிலிருந்து அடி விழுந்தது? எழுதுங்கள்.

குழித்துறைக்காரி

அண்ணே, மோட்டார் இடத்தில் நிறுத்திவிட்டேன். சாயங்காலம் வந்து மீதி படித்தேன்.

என்னுடையது இன்னொரு ஸ்டார் டிரெக் சீரியலான 'டீப் ஸ்பேஸ் நைன்', அதில் 'தி விசிட்டர்' எபிசோட். 1995-ல் வந்தது. நான் பார்த்தது ரொம்பப் பின்னால், கல்யாணமாகி, மூத்தவன் வயிற்றில் இருக்கும்போது. ஒரு மழை ராத்திரி, ஒரு கிழவர் வீட்டுக் கதவை ஒரு சின்னப் பெண் தட்டுவாள். கிழவர் ஜேக் சிஸ்கோ, ஒரு காலத்தில் எழுத்தாளர். ஏன் எழுதுவதை நிறுத்தினீர்கள் என்று அவள் கேட்க, அவர் சொல்லும் கதைதான் எபிசோட். ஜேக்குக்கு 18 வயதில் கண் முன்னாலேயே ஒரு விபத்தில் அப்பா மறைந்துபோகிறார். செத்தார் என்றுதான் நினைக்கிறார்கள். ஆனால் அவர் காலத்துக்குள் எங்கேயோ சிக்கிக் கிடக்கிறார். எப்போதாவது ஒரு தடவை மகன் பக்கத்தில் வந்து சில நிமிடம் நிற்பார், மறுபடி காணாமல் போவார். அவருக்கு வயது ஏறவே ஏறாது. மகன் ஒவ்வொரு தடவையும் கிழடாகிக்கொண்டு வருவான்.

இதைப் போய் சயின்ஸ் ஃபிக்‌ஷன் என்கிறார்கள். எங்கள் தெருவில் பாதி வீட்டில் நடந்த கதை இது.

எனக்க அப்பா மஸ்கட்டில் 23 வருடம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை 40 நாள் லீவு. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெட்டியோடு ஒருவர் வருவார், அம்மா "அன்னா அப்பா" என்று கை காட்டுவாள். எனக்கு நாலு வயதில் அவர் வாங்கி வந்த ஃபிராக், போன லீவில் பார்த்த அளவுக்கு. எட்டு வயதில் வாங்கி வந்த செருப்பு, ஆறு வயதுக் காலுக்கு. அவர் மனதில் நான் எப்போதும் இரண்டு வயது பின்னால்தான் நின்றேன். எந்த கிளாஸ் என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். ஒரு தடவை எரிச்சலில், "தெரியாதா?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார், கட்டி முடித்தார்.

எபிசோடிலும் அப்பா வந்து நிற்கிற அந்தச் சில நிமிடத்தில், உன் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லு என்றுதான் கேட்பார். மகனுக்கோ அவரை மீட்கிற யோசனை மட்டும்தான். அதற்காக எழுத்தை விட்டு, பெண்டாட்டியை விட்டு, திரும்பவும் படிக்கப் போய்... அப்பாவுக்கு அதைக் கேட்டு எவ்வளவு வருத்தம் என்று முதல் தடவை நான் கவனிக்கவில்லை. மகன் பக்கம் நின்றுதான் அழுதேன். இப்போது மூத்தவனுக்கு 12. போன மாதம் மறுபடி பார்த்தபோது முழுக்க அப்பா பக்கம்.

கடைசியில் கிழவர் தன் புதுப் புத்தகத்தைக் கொடுப்பார். சமர்ப்பணம்: வீட்டுக்கு வந்துகொண்டிருக்கும் என் அப்பாவுக்கு. இது போதாதா எனக்கு? கிழவராக நடித்த டோனி டாட் 2024 நவம்பரில் காலமானார். தன்னை வளர்த்த அத்தையை இழந்த துக்கத்தோடு நடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

எனக்க அப்பா இப்போது ஊரில்தான். ரப்பர் விலையைத் திட்டிக்கொண்டு திண்ணையில் இருக்கிறார். பேரன் எந்த கிளாஸ் என்பது மட்டும் தெரியும், எந்த செக்‌ஷன் என்பது வரைக்கும்.

பேச்சிப்பாறை

அழுகிறவர்கள் அழுங்கள், எனக்கு ஒரு சந்தேகம். ஒரு முழு வாழ்க்கையை 25 நிமிடத்தில் இன்னொருத்தன் மண்டையில் ஏற்றத் தெரிந்த கட்டான்காரர்களுக்கு, நாலு பேரை ஏற்றிக்கொண்டு தப்பிக்க ஒரு கப்பல் கட்டத் தெரியாதா?

கோட்டாறு கேபிள்

என் மகளும் இதையேதான் கேட்டாள். பதில் இல்லை.

பழைய விசிடி

நான் தகவல் பார்ட்டி. 'தி இன்னர் லைட்' 1993-ல் சயின்ஸ் ஃபிக்‌ஷனுக்கான ஹியூகோ விருது வாங்கியது. அதற்கு முன் ஒரு டிவி எபிசோட் அந்த விருதை வாங்கியது 1968-ல், அதுவும் பழைய 'ஸ்டார் டிரெக்'தான். எபிசோடின் பெயர் பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசனின் ஒரு பாட்டிலிருந்து வந்தது. அந்தப் பாட்டுக்கு 1968 ஜனவரியில் பம்பாயில் நம் ஆட்கள் வாசித்தார்கள். காமினின் மகனாக வருவது, பிக்கார்டாக நடித்த பேட்ரிக் ஸ்டூவர்ட்டின் சொந்த மகன் டேனியல். எடுக்கும்போது ஸ்டூவர்ட்டுக்கு வயது 51. கோட்டாறு அண்ணே, நீங்கள் சொன்ன கணக்குப்படி உங்களுக்கும் இப்போது அதைச் சுற்றித்தானே? அந்தப் புல்லாங்குழல் 2006-ல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்து 48,000 டாலருக்குப் போனது. பேச்சிப்பாறை அண்ணனுக்கு ஒன்று: கப்பல் கட்டத் தெரிந்திருந்தால் இந்த எபிசோடை யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டோம்.

முட்டம் லைட்ஹவுஸ்

நான் அதிகம் எழுதுகிற ஆள் இல்லை.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்கு உயிர் இருந்தது, வீடு இல்லை. பாட்டி போய்விட்டார்கள். ஆல்பம் வைத்திருந்த இரும்புப் பெட்டியும் போய்விட்டது. பாட்டிக்கு ஒரு போட்டோகூட இல்லை. ரேஷன் கார்டிலும் தாத்தா படம்தான் இருந்தது. தம்பி பிள்ளைகள் பாட்டி எப்படி இருப்பார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறோம். அண்ணன் மூக்குத்தி இடது பக்கம் என்கிறான், நான் வலது பக்கம் என்கிறேன்.

அந்த எபிசோடில் புல்லாங்குழலை எடுக்கும்போது எனக்கு அழுகை வரவில்லை. பொறாமை வந்தது.

குழித்துறைக்காரி

தம்பி, சொந்தக்காரர் யாராவது கல்யாண வீட்டு ஆல்பத்தில் கேட்டுப் பார்த்தீர்களா? பின்வரிசையில் எங்கேயாவது நிற்பார்கள். பந்தியில் பரிமாறுகிற போட்டோவிலும் பாருங்கள்.

முட்டம் லைட்ஹவுஸ்

மணக்குடியில் ஒரு சித்தி வீடு உண்டு. அவர்களுக்கும் அன்றைக்குத் தண்ணீர் ஏறியது. தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்த அத்தை ஒருத்தி இருக்கிறாள். கேட்கிறேன்.

கோட்டாறு கேபிள்

கேளு தம்பி, கிடைத்தால் இங்கே சொல்லு.

தகவல் பார்ட்டிக்கு: ஆமாம், 51 முடிந்துவிட்டது. இதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

மழை இன்னும் விடவில்லை. கரண்ட் இருந்தால் இன்று ராத்திரி 'தி விசிட்டர்' என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். எதைப் பற்றி என்று கேட்டாள். ஒரு அப்பாவும் மகனும் என்றேன். "அப்பம் நீங்க இப்பமே காப்பி போட்டு வச்சிருங்க" என்கிறாள்.