ஏழாம் மாதம், கீரை, புனே ஆய்வு

கேள்வி (புனே மருமகள்):
எனக்கு 28 வாரம். ஹடப்சரில் இருக்கிறோம், சைவம். குழந்தையின் எடை கொஞ்சம் குறைவு என்று ஸ்கேனில் வந்ததிலிருந்து மாமியார் தட்டில் சோற்றை மலையாகக் குவிக்கிறார். கர்ப்பிணிகளின் உணவைப் பற்றி புனே டாக்டர் யாஜ்னிக் செய்த ஆய்வு வேறு மாதிரி சொல்கிறதாமே?

பதில் (கவிதா அக்கா):
ஆமாம்மா. 1993-இல் புனேயைச் சுற்றி ஆறு கிராமங்களில் தொடங்கியது. தாய் எவ்வளவு சாப்பிட்டார் என்பதைவிட என்ன சாப்பிட்டார் என்பதுதான் பிறப்பு எடையோடு அதிகம் ஒத்துப்போனது. 18-ஆம் வாரத்தில் பால், 28-ஆம் வாரத்தில் கீரையும் பழமும். உனக்கு இப்போது சரியாக அந்த வாரம்! நான் வாசலில் வரும் கூடைக்காரரிடம் மேத்தி (வெந்தயக்கீரை) வாங்கி, பாசிப்பருப்போடு வேகவைத்துக் கடைந்து சாப்பிட்டேன். கசப்பே தெரியாது. அத்தையிடம் சண்டை வேண்டாம், சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் கீரையை வைக்கச் சொல்.

பதில் (ஓய்வுபெற்ற செவிலியர்):
கீரை சாப்பிட்டால் எடை ஏறியே தீரும் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, தொடர்பைத்தான் காட்டியது. சைவம் என்பதால் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைக் கட்டாயம் பார்த்துவிடு. அந்த ஊர்களில் பெரும்பாலான தாய்மார்களுக்கு அது குறைவு. பி12 குறைந்து ஃபோலேட் (ஃபோலிக் மாத்திரையில் இருக்கும் வைட்டமின்) கூடியிருந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு (உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலை) அதிகம் இருந்தது. ஃபோலிக் மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே, டாக்டரிடம் கேள்.

புனே மருமகள்:
நாளைக்கே ரத்தப் பரிசோதனைக்குப் போகிறேன். அக்கா, மேத்திக்குப் புளி சேர்க்கணுமா?