எழுதும்போது கறுப்பு, காய்ந்ததும் சாம்பல்: மை பேனாவுக்கு எந்தக் கறுப்பு மை நல்லது?

தாள்வாசி:

வணக்கம். ஒரு மாதமாக இதே குழப்பம், இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

என்னிடம் இருப்பது மெல்லிய நிப் உள்ள, கன்வர்டர் (புட்டியிலிருந்து மையை உறிஞ்சி நிரப்பும் சிறு குழல்) போடும் பேனா. தினமும் எழுதுவதில்லை, வாரத்தில் மூன்று நான்கு நாள், உட்கார்ந்தால் இரண்டு மூன்று பக்கம். இப்போது போட்டிருக்கும் கறுப்பு மை ஈரமாக இருக்கும்போது கன்னங்கரேல் என்று இருக்கிறது, ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் பென்சிலால் எழுதியது மாதிரி வெளிறிவிடுகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். போன வாரம் நோட்டின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் கவிழ்ந்துவிட்டது, துணி எடுத்துவந்து ஒற்றுவதற்குள் நான்கு பக்கம் போய்விட்டது. எழுத்து இருந்த இடத்தில் ஊதாவாக ஒரு கறை, அவ்வளவுதான். அந்த நோட்டில் அம்மா சொல்லச் சொல்ல எழுதிவைத்த பழைய குடும்பக் கதைகள் இருந்தன. மறுபடி கேட்டு எழுதிக்கொள்ளலாம்தான், ஆனால் அதே வார்த்தைகளில் வராது.

எனக்கு வேண்டியது: காய்ந்த பிறகும் கறுப்பாக இருக்க வேண்டும், தண்ணீர் பட்டால் அழியக்கூடாது, பேனாவும் கெடக்கூடாது. படம் வரையும் உறவுக்காரர் ஒருவர், "இந்தியன் இங்க் போடு, எதற்கும் அழியாது" என்று ஒரு புட்டியே கொடுத்துவிட்டார். போடலாமா? கார்பன் மை என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

பழைய நிப்:

முதலில் உங்கள் கடைசிக் கேள்வி, அதுதான் அவசரம். அந்தப் புட்டியைப் பேனா பக்கமே கொண்டுபோகாதீர்கள். அது தொட்டு எழுதும் நிப்புக்கும் தூரிகைக்கும் செய்த மை. கரித்தூளோடு பெரும்பாலும் அரக்கு சேர்ந்திருக்கும், காய்ந்தால் மறுபடி தண்ணீரில் கரையாது. நிப்புக்கு அடியில் ஒரு கட்டை இருக்கிறதே, அதில் தலைமுடி போல மெல்லிய வாய்க்கால் ஓடுகிறது. மை கீழே இறங்குவதும் அதற்குப் பதிலாகக் காற்று மேலே போவதும் அந்த வழியாகத்தான். அங்கே அரக்கு இறுகினால் பேனா போனது போனதுதான்.

கார்பன் மை வேறு. அதிலும் கரிதான் இருக்கிறது, ஆனால் துகளை மிக நுண்ணியதாக அரைத்து, ஒன்றோடொன்று ஒட்டித் திரளாமல் தண்ணீரில் மிதக்கும்படி செய்திருப்பார்கள், அரக்கு கிடையாது. பிளாட்டினம் கார்பன் பிளாக், செய்லர் கிவாகுரோ இரண்டும் இந்த வகை, மை பேனாவுக்கென்றே செய்தவை. கரி சாயம் இல்லை, நிறமி, அதாவது தண்ணீரில் கரையாத நிறத்தூள். தாளின் நாருக்குள் போய் மாட்டிக்கொண்டால் தண்ணீரில் கரைவதற்கு அங்கே ஒன்றும் இல்லை, வெயில் பட்டாலும் வெளுக்காது.

உங்களிடம் இருப்பது சாய மை. சாயம் தண்ணீரில் முழுதாகக் கரைந்திருக்கும், பல கறுப்பு மைகளில் இரண்டு மூன்று சாயங்கள் சேர்ந்துதான் கறுப்பாகத் தெரியும். ஒரு சொட்டை டிஷ்யூ தாளில் விட்டு ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் தொட்டுவையுங்கள். ஐந்து நிமிடத்தில் கறுப்பு பிரிந்து வெளிவட்டத்தில் நீலமோ ஊதாவோ, உள்ளே பழுப்போ தெரியும். பார்க்கர் குவிங்க் கறுப்பில் இது மிக அழகாக வரும், ஓவியர்கள் அதற்காகவே அந்த மையை வாங்குகிறார்கள். உங்கள் நோட்டில் நடந்ததும் இதே சோதனைதான், வேண்டாத நேரத்தில் நடந்துவிட்டது. மற்றச் சாயம் ஓடிவிட்டது, நாரைப் பிடித்துக்கொண்ட ஊதா மட்டும் நின்றது.

சாய மையிலேயே தண்ணீரை ஓரளவு தாங்குகிறவை உண்டு. பைலட்டின் சாதாரணக் கறுப்பு, 350 மி.லி. பெரிய புட்டியில்கூட வருமே, அது நனைந்தால் மேலோட்டமாக இருக்கும் சாயம் கழன்று போகும், அடியில் வாசிக்கும் அளவுக்குக் கோடு நிற்கும். பெலிக்கன் 4001 கறுப்பு பேனாவுக்குச் சாது, சுலபமாகக் கழுவலாம், ஆனால் தண்ணீர் பட்டால் தாங்கும் என்று அதை நம்ப முடியாது. அரோரா கறுப்பு அடர்த்தியாக, ஓட்டமாக வரும். நூட்லர்ஸ் கறுப்பு இன்னொரு தினுசு, அதன் சாயம் தாளின் நாரில் உள்ள செல்லுலோஸோடு வினைபுரிந்து ஒட்டிக்கொள்கிறது, பிறகு தண்ணீர் என்ன செய்தாலும் அசையாது. ஆனால் வழவழப்பான பூச்சுத் தாளில் நாரைத் தொடாமல் மேலேயே தங்கிவிட்ட மை, நாள் கழித்துத் தடவினாலும் விரலில் ஒட்டும்.

அம்மாவின் கதைகளுக்கு நான் தயங்காமல் கார்பன் மைதான் சொல்வேன். நீங்கள் வாரத்தில் மூன்று நாள் எழுதுகிறீர்கள் என்பதால்தான் இவ்வளவு துணிந்து சொல்கிறேன்.

வரிக்கோடு:

பழைய நிப் அண்ணா சொன்னது சரி. ஆனால் சாம்பலாகிறது என்ற பாதிக்கு மை மட்டும் காரணம் இல்லை, அதையும் பாருங்கள்.

மெல்லிய நிப் தாளில் வைக்கும் மை குறைவு. அந்தக் கொஞ்ச மையையும் உறிஞ்சும் தாள் உள்ளே இழுத்துக்கொண்டால் மேலே நிறம் தங்காது. அதே மையை அதே தாளில் ஒரு குச்சியால் தொட்டுக் கோடு போட்டுப் பாருங்கள், கறுப்பாக வந்தால் குறை மையில் இல்லை, ஓட்டத்தில்.

இன்னொன்று. பேனாவைக் கழுவிய கையோடு மை நிரப்புகிறீர்களா? கட்டைக்குள் நிற்கும் தண்ணீர் மையோடு கலந்து முதல் ஒன்றிரண்டு பக்கம் வெளிறித்தான் வரும். நான் கழுவியதும் நிப்பைக் கீழ்நோக்கி, ஒரு டிஷ்யூவை அதன்மேல் சுற்றி, ஒரு டம்ளருக்குள் இரவு முழுக்க நிறுத்திவைப்பேன். காலையில் பார்த்தால் டிஷ்யூவில் கைவிரல் அகலத்துக்கு ஈரமும் சாம்பல் கறையும் இருக்கும், சுத்தமாகிவிட்டது என்று நினைத்த பேனாவிலிருந்து வந்தது அது. இதற்கு நேர்மாறும் உண்டு: நாலு நாள் எடுக்காமல் வைத்த பேனாவில் தண்ணீர் கொஞ்சம் ஆவியாகிவிடும், அன்றைக்கு முதல் வரி மற்ற நாளைவிடக் கறுப்பாக வரும். அதைப் பார்த்துத்தான் மை மாறிவிட்டதோ என்று நிறையப் பேர் குழம்புகிறார்கள்.

மைத்துளி:

கார்பன் மையை இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடாதீர்கள், எனக்கு அதில் பட்ட அனுபவம் இருக்கிறது. ஒரு நிறமி மையை நிரப்பி, நல்ல பேனாதானே என்று மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். இரண்டு மாதம் கழித்து எடுத்தால் ஒரு கோடு விழவில்லை. மூன்று நாள் தண்ணீரில் ஊறப்போட்டேன், அப்புறம் பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு சொட்டு, ரப்பர் பல்பால் அடித்து அடித்துத் தள்ளியதில் கரி செதில் செதிலாக வந்தது. பேனா பிழைத்தது, ஆனால் ஓட்டம் பழையபடி வரவில்லை. எனக்கு மிகவும் பிரியமான பேனா அது.

அதனால் நான் போய்ச் சேர்ந்தது இரும்பு மையில். மாசிக்காய்ச் சத்தும் அன்னபேதியும் (ஒரு வகை இரும்பு உப்பு) சேர்த்துச் செய்கிற பழைய முறைதான், பேனாவுக்கேற்ற மாதிரி அமிலத்தைக் குறைத்திருக்கிறார்கள். எழுதும்போது நீலமாக வரும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவதற்காக ஒரு சாயம் சேர்த்திருப்பார்கள். காற்று பட்டதும் இரும்பு ஆக்ஸிஜனோடு சேர்ந்து, சில நிமிடத்திலேயே கறுக்கத் தொடங்கி, மறுநாள் பார்த்தால் நன்றாக இருண்டிருக்கும். ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் பக்கத்தின் தொடக்கம் கடைசியைவிடக் கறுத்திருப்பதைப் பார்ப்பது எனக்கு இன்னும் அலுக்கவில்லை. தண்ணீர் விட்டால் நீலம் ஓடிவிடும், கறுத்த பகுதி நாருக்குள் நிற்கும். டயமைன் ரெஜிஸ்ட்ரார்ஸ் இங்க் இந்த வகை, பெலிக்கன் 4001 புளூ பிளாக்கிலும் இரும்பு உண்டு.

பழைய நிப்:

மைத்துளி, இரும்பு மை எனக்கும் பிடிக்கும், ஆனால் இவர் கேட்பது கறுப்பு. அது கறுத்தாலும் நீலம் கலந்த சாம்பல் கறுப்பாகத்தான் நிற்கும், மெல்லிய நிப்பில் இன்னும் வெளிறும். அமிலம் இருப்பதால் எஃகு நிப்பில் மாதக்கணக்காக விடவும் கூடாது, தங்க நிப் என்றால் பரவாயில்லை. அப்புறம், அதுவும் உள்ளே காய்ந்தால் லேசில் போகாது.

உங்கள் பேனாவுக்கு நடந்தது மையின் குணம், மறுக்கவில்லை. நிறமி மை போட்ட பேனாவை இழுப்பறையில் மறக்கக்கூடாது. ஒரு வாரத்துக்கு மேல் எழுதப்போவதில்லை என்றால் கழுவிவிட வேண்டும், எழுதிக்கொண்டே இருந்தாலும் நான்கைந்து வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டுக்கு ஒத்துவராதவர் பைலட் கறுப்போடு நின்றுகொள்வதுதான் நல்லது.

இன்னொரு வழி, அந்த மைக்கென்று ஒரு எளிய பேனாவை ஒதுக்கிவிடுங்கள். பிளாட்டினம் பிரெப்பி மாதிரி, மூடிக்குள் இன்னொரு மூடி நிப்பை இறுக்கி அடைக்கும் பேனா இதற்கு ரொம்பப் பொருத்தம். ஒரு வருடம் ஆனாலும் மை உலராது என்று நிறுவனமே சொல்கிறது. அதை நம்பி ஒரு வருடம் வைக்கச் சொல்லவில்லை, இரண்டு வாரம் மறந்தாலும் பயமில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இடக்கை:

இடது கையால் எழுதுகிறவர் யாராவது இதைப் படித்தால்: கறுப்பு எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு நேரம் காய எடுக்கும். எழுதிய வரியின் மேலேயே நம் கை நகர்வதால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். கொஞ்சம் உறிஞ்சும் தாள், மெல்லிய நிப், இரண்டும் இருந்தால் கார்பன் மைகூட ஒத்துழைக்கும். வழவழத் தாளில் எந்தக் கறுப்பும் எனக்குச் சரிப்படவில்லை.

தாள்வாசி:

எல்லோருக்கும் நன்றி. இந்தியன் இங்க் புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வரிக்கோடு சொன்ன குச்சிச் சோதனை செய்தேன், கறுப்பாகத்தான் வந்தது! அதாவது என் நிப்பும் தாளும்தான் பாதிக் காரணம். தோழி ஒருத்தியிடமிருந்து பைலட் கறுப்பு கொஞ்சமும், ஒரு கார்பன் பிளாக் கார்ட்ரிட்ஜும் (மை அடைத்த சிறு குழல்) வாங்கி, ஒரே தாளில் மூன்று மையாலும் ஒரே வாக்கியத்தை எழுதி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, ஒவ்வொன்றின் மேலும் தண்ணீர்ச் சொட்டு வைத்து, ஒரு நிமிடம் கழித்து ஒற்றி எடுத்தேன். என் பழைய மை அப்படியே டிஷ்யூவுக்கு வந்துவிட்டது. பைலட்டில் சுற்றிலும் சாம்பல் நிழல் படர்ந்தது, எழுத்து நடுவில் தெளிவாக நின்றது. கார்பனில் தண்ணீர் சொட்டு சொட்டாகவே இருந்தது, டிஷ்யூ வெள்ளையாக வந்தது. விரலால் தேய்த்தும் பார்த்தேன், ஒன்றும் நகரவில்லை.

அதனால் அம்மாவின் நோட்டுக்கு ஒரு பிரெப்பியில் கார்பன், என் பழைய பேனாவில் பைலட் என்று வைத்துக்கொள்கிறேன். பேனாவில் மிச்சமிருக்கும் பழைய மையோடு புதிதைச் சேர்த்து ஊற்றினால் தப்பா?

பழைய நிப்:

ஊற்றாதீர்கள். ஒன்று அமிலமாகவும் மற்றொன்று காரமாகவும் இருந்தால் சாயம் பிரிந்து வண்டலாகப் படியும், நிறமி மை என்றால் துகள்கள் திரண்டுவிடும். தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவிவிட்டு நிரப்புங்கள். சாதாரணத் தண்ணீர் போதும், வெந்நீர் வேண்டாம், ஸ்பிரிட் மாதிரி ஆல்கஹால் உள்ளது எதுவும் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக்கில் விரிசல் விழும்.

அப்புறம், அந்த நான்கு பக்கத்தை எறிந்துவிட்டீர்களா? எறியவில்லை என்றால் நன்றாகக் காயவைத்து, வண்ணத்தில் ஸ்கேன் செய்து, படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் மென்பொருளில் திறந்து பச்சையை மட்டும் பாருங்கள். ஊதாச் சாயம் பச்சை ஒளியைத்தான் அதிகம் விழுங்கும், அதனால் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் ஊதா அங்கே கறுப்பாகத் தெரியும். மை ஓடிப் பரவிய இடத்தில் ஒன்றும் செய்ய முடியாது. வெறுமனே வெளிறிய இடத்தில் எழுத்து கிடைக்க வாய்ப்பு உண்டு.

தாள்வாசி:

எறியவில்லை, புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். இப்போதுதான் பார்த்தேன். இரண்டு பக்கம் முழுதாகப் போய்விட்டது. மூன்றாவதில் கீழ்ப்பாதியும், நான்காவது ஏறக்குறைய முழுதும் வாசிக்க முடிகிறது, பாட்டி கிணற்றடியில் தாத்தாவை முதன்முதலாகப் பார்த்த கதை உட்பட. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். இப்போது கார்பனில் எடுத்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.