கோடிகளில் ஊதியம் பெறுவோருக்குத் தொழிற்சங்கம் எதற்கு?

கேள்வி: இங்கிலாந்தின் கால்பந்து வீரர்களுக்கு 1907 முதல் இயங்கிவரும் தொழிற்சங்கம் இன்றும் தேவைதானா?

பதில் 1: கோடிகளில் பெறுவோர் சிலரே. கீழ்ப்பிரிவுகளில் குறுகிய ஒப்பந்தத்தில் ஆடி, காயத்தாலோ கழகத்தின் நிதி நெருக்கடியாலோ பிழைப்பை இழக்கும் வீரர்களுக்குச் சட்ட உதவியும் மனநல ஆலோசனையும் வேறு தொழிலுக்கான படிப்புக்கு நிதியும் அங்கிருந்தே கிடைக்கின்றன.

பதில் 2: வரலாற்றையும் பாருங்கள். வாரத்திற்கு 20 பவுண்டு என்றிருந்த ஊதிய உச்சவரம்பு, சங்கத் தலைவர் ஜிம்மி ஹில் தலைமையில் வீரர்கள் வேலைநிறுத்தத்திற்குத் துணிந்த பின்னரே 1961இல் நீங்கியது. ஒப்பந்தம் முடிந்த பின்னும் வீரரைக் கழகம் பிடித்துவைக்கும் முறையை எதிர்த்து ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்ற வீரர் தொடுத்த வழக்கிற்கும் சங்கமே துணைநின்றது. அம்முறை நியாயமற்ற தொழில் தடை என்று 1963இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பதில் 3: இவை உண்மையே. ஆனாலும், மறதிநோயுற்ற முன்னாள் வீரர்களின் குடும்பங்கள் சங்கத்தின் மெத்தனத்தைப் பலகாலம் சாடின. இங்கிலாந்துக் கால்பந்தின் முதல்நிலைப் பிரிவான பிரீமியர் லீக்குடன் இணைந்து சங்கம் அதற்கென நிதியம் அமைத்தது 2023இல்தான்.